தானே முளைத்த மரம்

மரம் வெட்ட அனுமதி வாங்கித் தரச் சொல்லி ஊட்டியில் வக்கீலைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக்கை விற்று மகள் கல்யாணத்தையோ மகன் படிப்பையோ முடிக்க நினைப்பவர்கள் ஒரு வகை. வீடு கட்டவும் பாதை போடவும் இடம் தேடுபவர்கள் இன்னொரு வகை. 2010-களின் தொடக்கத்தில் குந்தா பக்கத்திலிருந்து வந்த அந்தப் படகர் பெரியவர் இரண்டிலும் சேரவில்லை. அவர் அகற்றக் கேட்ட பைன் மரங்களில் பாதிக்கு மேல் இடுப்பளவு உயரம்கூட வளராதவை. விறகுக்கடைக்காரர்கூட அவற்றுக்கு விலை சொல்லமாட்டார். அதற்காக அவர் முறைப்படி மனுப் போட்டு, அது தள்ளுபடியாகி, அந்த உத்தரவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு சேரிங்கிராஸ் பக்கத்தில் இருந்த என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஹெத்தை பண்டிகை முடிந்த வாரம் அது. காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்த நாள்கள்.

உத்தரவில் காரணம் ஒரே பத்திதான். மரங்கள் நடப்பட்டவை அல்ல, தாமாக முளைத்து வளர்ந்தவை. நிலத்தின் ஒரு பகுதியில் அடர்ந்து நிற்கின்றன. ஆகவே அந்த இடம் காட்டின் தன்மையை அடைந்துவிட்டது, வெட்ட அனுமதிக்க இயலாது.

"நான் நட்டிருந்தா வெட்டலாமாம் சார். நடாததால வெட்டக்கூடாதாம். அப்ப அதை யாருதான் எடுக்கிறது?" என்று கேட்டார். நான் அன்று நடத்திய வழக்கு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

நிலம் எமரால்டுக்கு மேலே. கீழ்ப்பாதியில் தேயிலை, மேல்பாதி புல்வெளி. புல்வெளியின் மடிப்பில் ஓர் ஊற்று. கீழே இருக்கும் ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, குடிதண்ணீர் அங்கிருந்துதான் குழாயில் இறங்குகிறது. எருமை மேய்ச்சல் நின்று வெகுகாலம் ஆகியும் குடும்பத்தார் மேல்பாதியில் தேயிலை போடாமல் விட்டிருந்ததற்கு அந்த ஊற்றுதான் காரணம். புல்வெளிக்குத் தென்மேற்கே, காற்று வரும் பக்கம், ஒரு பழைய பைன் தோப்பு. அது யாருடையது என்பது இங்கே தேவையில்லை. நீலகிரியின் உயர்ந்த மேடுகளில் அப்படிப்பட்ட தோப்புகள் ஏராளம். காகிதக்கூழுக்கும் விறகுக்கும் பெட்டிப் பலகைக்கும் மரம் வேண்டுமென்று, 'சும்மா கிடக்கும் புல்தரை' என்று நினைத்த நிலங்களில் சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) பைனையும் வரிசை வரிசையாக நட்ட காலம் ஒன்று இருந்தது. கற்பூர மரம் இங்கே வந்தது 1843-ல். பைன் பெரிய அளவில் நடப்பட்டது அதற்கு நூறாண்டுக்கும் பின்னால், சுதந்திரத்துக்குப் பிறகு. தலைகுந்தா போகும் வழியில் சுற்றுலாப் பயணிகள் படம் பிடித்துக்கொள்ளும் பைன் காடும் மனிதர் நட்டதே.

நம் மலையில் நட்ட பைன்களில் முக்கியமானது பட்டுலா பைன். மெக்சிகோ நாட்டு மரம், ஊசிகள் கொத்தாகத் தொங்கும். தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான், அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான காடுகளில் அகன்ற இலையோடு நிற்கும் போடோகார்பஸ். பைன் இந்த மண்ணுக்குப் புதிது. புதிதாக வந்ததெல்லாம் கெடுதல் என்று நான் சொல்லவரவில்லை. நம் தேயிலையும் உருளைக்கிழங்கும் கேரட்டும் வெளியிலிருந்து வந்தவைதான். ஆனால் அவை வைத்த இடத்தில் நிற்கின்றன. பைன் நிற்பதில்லை. அதன் விதைக்கு இறக்கை உண்டு. பெரும்பாலான விதைகள் தாய்மரத்துக்குச் சற்றுத் தள்ளி விழும், சில விதைகள் காற்றில் ஏறி அடுத்த மேட்டுக்கும் போகும்.

இங்கே இன்னொன்றைச் சொல்லவேண்டும், வழக்குக்கு அது அச்சாணி. மேல்நீலகிரியில் சோலை மடிப்புகளிலும் புல் மேடுகளிலும் பிரிந்து நிற்பதற்கு உறைபனி ஒரு முக்கியக் காரணம். சோலை மரக்கன்று திறந்த புல்வெளியில் முளைத்தால் சனவரிப் பனி அதைக் கருக்கிவிடும். புல் கருகினாலும் வேரிலிருந்து மீளும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்வெளி புல்வெளியாகவே இருந்ததற்கு அந்தப் பனி காவலாக நின்றது. பைனும் சீகையும் பனிக்கு அஞ்சாதவை. நம் சோலை மரங்கள் நுழைய முடியாத இடத்தில் அவை நுழைகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை–புல்வெளிப் பரப்பைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்தவர்கள், 1973-க்கும் 2017-க்கும் இடையில் மலைப் புல்வெளியில் சுமார் 23 சதவீதம் அயல் மரங்களுக்குப் போய்விட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சோலைகள் ஓரளவு தாங்கிக்கொண்டன, இழந்தது புல்வெளிதான். கோடரி படாமல், வேலி உடையாமல், யார் மீதும் வழக்குப் பதிவாகாமல் நடந்த இழப்பு.

சட்டத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டத்தில் சொந்தப் பட்டா நிலத்திலும் மரம் வெட்ட அனுமதி வேண்டும். 1955-ம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதற்கு மேல் 1996 டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த உத்தரவு. நாடு முழுவதும் காடு என்றால் இந்த வழக்கைத்தான் சொல்வார்கள், ஆனால் அது பிறந்த இடம் நம் கூடலூர். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காடுகளில் மரங்கள் அழிவதைப் பார்த்து 1995-ல் டெல்லிக்கு எடுத்துப்போன மனு அது. காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள், நிலம் யாருடையதானாலும் சரி என்று நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டுக்கென்று தனியாகவும் கட்டளைகள் இட்டது. காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை. விலக்கு, நட்டு வளர்த்த மரங்களுக்கு, அதுவும் முன்பு காடாக இல்லாத இடங்களில் இருப்பவற்றுக்கு. தானாக முளைத்தவற்றுக்கு விலக்கு இல்லை. தேயிலை, காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களுக்கும் அதே பிரிவினைதான்: நட்டதை வெட்டலாம், தானாக வளர்ந்ததைத் தொடக்கூடாது.

அந்த உத்தரவை நான் மதிக்கிறேன். அது இல்லாவிட்டால் கூடலூரில் இன்று ஈட்டியும் தேக்கும் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. நட்ட மரம் மனிதனுடையது, முளைத்த மரம் இயற்கையுடையது என்பது அன்றைக்கு நியாயமான கோடு. கூடலூரின் ஈட்டிக்காகப் போட்ட அந்தக் கோடு, குந்தாவின் புல்மேட்டில் மெக்சிகோ பைனுக்குக் காவலாகப் போய் நின்றுவிட்டது. தோப்புக்குள் வரிசையில் நிற்கும் தாய்மரத்தை அனுமதி வாங்கி வெட்டலாம், காற்றில் வந்து பெரியவரின் ஊற்றங்கரையில் முளைத்த அதன் பிள்ளையை வெட்ட முடியாது. இன்னும் சில ஆண்டு போனால் கன்றுகள் தலைக்கு மேல் வளர்ந்து கூடிவிடும். அப்போது அகராதிப்படி அது காடு. காடு என்று ஆகிவிட்டால் 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டமும் வந்து சேரும். பெரியவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது.

முதலில் தோப்புக்காரர் மேல் தொல்லை வழக்குப் போடலாமா என்று பார்த்தேன். பழைய ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று குறுக்கே நின்றது: 1890-ல் முடிவான கைல்ஸ் எதிர் வாக்கர். பக்கத்து நிலத்து முட்செடியின் விதை காற்றில் பறந்து வந்து பயிரைக் கெடுத்ததற்கு நஷ்டஈடு கேட்டார் ஒருவர். இயற்கையாக முளைத்த செடிக்கு நிலத்துக்காரர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னாளில் 1980-ல் லீக்கி வழக்கில் அந்தக் கருத்து ஆட்டம் கண்டது. இயற்கையாக நேரும் ஆபத்தானாலும், தெரிந்தபின் நியாயமான அளவுக்குத் தடுக்க நிலத்துக்காரர் கடமைப்பட்டவர் என்று அங்கே முடிவானது. 2018-ல் ரயில்வே நிலத்திலிருந்து ஜப்பான் நாட்வீட் என்ற களை பரவிய வழக்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் இங்கிலாந்தில் வென்றார்கள். அந்தத் தீர்ப்பு அன்று என் கையில் இல்லை. இருந்திருந்தாலும் சிவில் வழக்கின் வேகம் பைனின் வேகத்துக்கு ஈடுகொடுத்திருக்காது. உரிமையியல் வழக்கு முடிவதற்குள் கன்று காய்த்துவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்வது என்று முடிவெடுத்தோம்.

மனுவின் அடித்தளம் 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை. மலையில் மரம் வெட்டுவதையும் பயிரிடுவதையும் ஏன் ஒழுங்குபடுத்துகிறோம் என்று அது காரணம் சொல்கிறது: காடழிவையும் மண்ணரிப்பையும் தடுக்க; மலையின் நிலத்தோற்றம், தாவரப் போர்வை, தட்பவெப்பம் ஆகிய சிறப்பியல்புகளைக் காக்க. தாவரப் போர்வை என்றால் மரம் மட்டும்தானா? இந்த மேட்டின் தாவரப் போர்வை புல். இந்த மேட்டின் நிலத்தோற்றம் திறந்த புல்வெளி. ஒரு மரத்தை வெட்டாமல் விடுவதால் சட்டம் காக்கச் சொன்ன அந்தச் சிறப்பியல்பே அழியுமென்றால், வெட்ட அனுமதி மறுப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று எழுதினேன். மரங்கள் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரைப் பார்த்துப் பழகிவிட்டோம். பெயருக்குக் கீழே இருக்கும் முகவுரையை அன்று கோர்ட்டில் உரக்கப் படிக்கும்போது, நீதிபதி பக்கத்தைத் திருப்பிச் சரிபார்த்தது எனக்குத் தெம்பாக இருந்தது.

இரண்டாவது, தண்ணீர். ஊட்டி மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் கிளென்மார்கனில் நடத்திய ஆய்வை இந்த ஊர்க்காரர்களே பலர் அறியமாட்டார்கள். அக்கம்பக்கமான இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள், இன்னொன்றில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டார்கள். ஓடையில் வரும் நீரை ஆண்டுக்கணக்காக அளந்தார்கள். மரம் நட்ட பகுதியில் முதல் சுற்றில் ஆண்டு நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. பைக்காரா முதல் அப்பர் பவானி வரை அணைகள் நிற்கும் மலை இது, பவானியும் மோயாறும் இறங்கும் மலை. புல்வெளி சும்மா கிடக்கவில்லை, அது தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்த அட்டவணையை மனுவோடு இணைத்தேன்.

அரசு வழக்கறிஞர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். அது கற்பூர மரத்தைப் பற்றிய ஆய்வு, இங்கே பேசுவது பைன் என்றார். சரியான ஆட்சேபணை. அதற்குப் பதில் தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. டிராக்கன்ஸ்பர்க் மலையில் கதீட்ரல் பீக் என்ற இடத்தில் நம் மலையைப் போலவே புல் மூடிய நீர்ப்பிடிப்புகள் இருக்கின்றன. அங்கே 1950-களில் இதே பட்டுலா பைனை நட்டு ஓடையை அளந்தார்கள். மரம் வளர வளர ஓடை வற்றிக்கொண்டே போனது. இப்படிப்பட்ட அளவைகளை நம்பித்தான் அந்த நாடு 1995-ல், காதர் அஸ்மால் நீர்வள அமைச்சராக இருந்தபோது, அயல் மரங்களை அகற்றுவதை ஏழைகளுக்கு வேலை தரும் அரசுத் திட்டமாகவே தொடங்கியது.

தாமாக முளைத்தவை என்ற காரணத்தையும் சும்மா விடவில்லை. தோப்பு நட்டவரின் கையில் தொடங்கிய செயல் காற்றின் வழியே நீள்கிறது. அதை இயற்கையின் செயல் என்று பெயர் மாற்ற முடியாது. தாய்மரம் நடப்பட்டதென்றால் அதன் விதையில் முளைத்ததும் நட்டதன் தொடர்ச்சியே என்று வாதாடினேன். நீதிமன்றம் அதற்குள் போகவில்லை. நிராகரித்த உத்தரவில் நிலம் முன்பு என்னவாக இருந்தது, மரம் எந்த வகை, எத்தனை வயது என்பது எதுவுமே இல்லை. முகவுரையில் சொன்ன நோக்கத்தை மனத்தில் கொண்டு, இடத்தை நேரில் பார்வையிட்டு, மனுவை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூடவே ஒரு வரி: எந்த முறையில் அகற்றப் போகிறார் என்ற திட்டத்தை மனுதாரர் எழுத்தில் தரவேண்டும்.

அந்த ஒரு வரிதான் இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். மரத்தை எடு என்று உத்தரவு வாங்குவது சுலபம். எப்படி எடுப்பது என்பதில்தான் மலை பிழைப்பதும் கெடுவதும் இருக்கிறது. நீதிமன்றங்களில் 'அயல் மரங்களை அகற்றுக' என்று ஒரே மூச்சில் கேட்கும் மனுக்களைப் பார்க்கிறேன். பைன், சீகை, கற்பூர மரம் மூன்றும் ஒரே வகையில் சாவதில்லை.

கற்பூர மரத்தை வெட்டினால் கட்டையிலிருந்து துளிர்க்கும். சீகை அதைவிட மோசம். வேரிலிருந்தும் கிளம்பும், அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு காத்திருக்கும். நெருப்போ மண்வெட்டியோ பட்டவுடன் ஆயிரமாக முளைக்கும். ஆனால் பழைய சீகைத் தோப்பின் நிழலில் பனி விழாததால் சோலைக் கன்றுகள் அடியில் தலைதூக்கியிருப்பதும் உண்டு. அங்கே மொட்டையடித்தால் சோலையும் சேர்ந்து போகும். பைனின் கதை வேறு. அதன் அடிக்கட்டை துளிர்க்காது. மண்ணில் விழுந்த விதையும் நெடுங்காலம் காத்திருக்காது. காய்ப்பதற்குள் கன்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் அதன் வம்சம் முடிந்தது. மூன்றில் நாம் உறுதியாக ஜெயிக்கக்கூடிய போர் பைனோடுதான். அதனால்தான் அதில் காட்டும் தாமதம் எனக்குப் பொறுக்கமுடியாமல் இருக்கிறது.

ஆராய்ச்சியாளர் ஒருவரும், தலைமுறையாகத் தோட்ட வேலை செய்த இரண்டு பேரும், பெரியவரும் நானும் உட்கார்ந்து திட்டத்தை எழுதினோம். முழங்கால் உயரத்துக்குக் கீழே உள்ள கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கையால் பிடுங்குவது. பெயர்ந்த புல்கற்றையை அங்கேயே காலால் மிதித்து அமர்த்துவது. வெயில் காலத்தில் பிடுங்கினால் புல் வேரோடு கிழிந்துவிடும், கிழிந்த இடத்தில் அடுத்த விதை சுகமாக உட்காரும். அதைவிடப் பெரிய கன்றுகளைத் தரையோடு தரையாக, கடைசிப் பச்சை ஊசிக்கும் கீழே வெட்டுவது. இதில் கண்டிப்பு தேவை. ஒரு கொத்துப் பச்சை மிஞ்சினாலும் அந்தக் கிளை தலை தூக்கி மறுபடி மரமாகிவிடும். அரிவாளை நின்றபடி வீசினால் முழங்கால் உயரத்தில்தான் வெட்டு விழும். குனிந்து அறுக்க நேரமும் கூலியும் அதிகம் ஆகும் என்று திட்டத்திலேயே எழுதினோம்.

காய்த்த மரங்கள் தனி. பட்டுலாவின் காய்கள் முதிர்ந்த பின்னும் வாய் திறக்காமல் கிளையோடு ஒட்டி ஆண்டுக்கணக்கில் இருக்கும். சூடு பட்டால் திறக்கும். தீ பட்டால் ஒரேயடியாகத் திறந்து விதையைக் கொட்டும், எரிந்த மண் அதற்கு நல்ல நாற்றங்கால். "ஒரு தீக்குச்சி போதும் சார், ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்று வேலையாள் ஒருவர் சொன்னபோது ஆராய்ச்சியாளர் பதறிப்போய் இதை விளக்கினார். இளம் கன்றை நெருப்பு கொல்லும், உண்மை. ஆனால் காய்த்த மரம் பக்கத்தில் நிற்கும்வரை நெருப்பு அதற்கு உதவிதான். ஆகவே தீ கூடாது என்பது முதல் நிபந்தனை. வெட்டிய மரத்தின் காய்களை வெயிலுக்கு முன் பறித்துச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டுபோய் அடுப்பெரிக்க வேண்டும்.

ஊற்றங்கரையில் சில பெரிய மரங்கள் நின்றன. அவற்றைச் சாய்த்தால் கரை உடையும். அங்கே பட்டை உரிப்பது என்று வைத்தோம். அடிமரத்தைச் சுற்றி அகலமாக, மரக்கட்டை தெரியும்வரை, இடைவெளி இல்லாமல் பட்டையை எடுத்துவிட்டால் மரம் நின்றபடியே மெல்லக் காயும். வேர் மண்ணைப் பிடித்திருக்கும்போதே வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் புல் ஏறிக்கொள்ளும். ஆள் நடக்கும் பாதையோரத்தில் மட்டும் இது கூடாது, காய்ந்த மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. நியூசிலாந்தில் மலைமலையாகப் பரவிய பைன்களை ஹெலிகாப்டரில் போய் மருந்தடித்துக் கொல்கிறார்கள். 2016-ல் அதற்கென்று தேசியத் திட்டமே தொடங்கினார்கள். ஆள் போக முடியாத சரிவுகளுக்கு அவர்களுக்கு வேறு வழியில்லை. எங்கள் இடத்துக்குக் கீழே ஓர் ஊர் தண்ணீர் குடிக்கிறது. மருந்து வேண்டாம் என்று எழுதினோம். பொக்லைன் வேண்டாம் என்றும் எழுதினோம். வேரோடு பெயர்த்தால் சரிவு வாய் பிளந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிச் சரிவுகள் பிளந்ததைப் பார்த்தபோது, அந்த வரியை எழுதியது எவ்வளவு அவசியம் என்று தோன்றியது.

எங்கே தொடங்குவது என்பதில்தான் அதிக விவாதம். அடர்ந்த இடத்தில் தொடங்கவே எல்லார் கையும் துடிக்கும், வேலை கண்ணுக்குத் தெரியும் அல்லவா. நியூசிலாந்து அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது. சுத்தமான புல்லில் தள்ளித் தள்ளி ஒற்றையாக நிற்கும் மரத்தை முதலில் எடு. மேட்டின் நுனியில் காற்றைப் பார்த்து நிற்கும் அந்த ஒற்றை மரம்தான் விதையை அதிக தூரம் வீசும். அடர்ந்த இடம் ஏற்கெனவே போன இடம், அது காத்திருக்கும். தீ பரவும்போது தலைமறைவாகச் சிதறிய பொறிகளை முதலில் மிதிப்பது போலத்தான் இதுவும்.

பார்வையிட வந்த அதிகாரிகள் கரிசனத்தோடு வந்தார்கள். மூத்த அதிகாரி சரிவைப் பார்த்துக்கொண்டே, "மரத்தை எல்லாம் எடுத்துட்டா மண்ணு நிக்குமா, கவுடரே?" என்று கேட்டார்.

பெரியவர் குனிந்து ஒரு புல்கற்றையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், வரவில்லை. பக்கத்தில் பைனுக்கு அடியில் சருகை விலக்கிக் காட்டினார். ஊசிச் சருகுக்குக் கீழே வெறும் மண். "எங்க தாத்தா காலத்துல இங்க மரமே இல்லீங்க. அப்ப சரியல. இந்த ஓடையில பங்குனியிலும் தண்ணி இருந்தது. இப்ப மாசியிலயே குழாய் இருமுது" என்றார். அதிகாரி ஊற்றுவரை நடந்து போய்ப் பார்த்தார். தோடர் ஒருவரும் எங்களோடு வந்திருந்தார். தங்கள் கோவில்களுக்குக் கூரை வேயும் புல் இப்படிப்பட்ட சதுப்பு ஓரங்களில்தான் கிடைக்கும், இப்போது அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது என்றார். எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்று தாவரவியலில் சொல்லும் அந்தப் புல் நீலகிரிக்கே உரியது. ஒரு புல் இல்லாமல் போனால் ஒரு கோவிலுக்குக் கூரை இல்லை என்பதை அன்று ஆய்வுக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் வாதங்கள் எல்லாவற்றையும்விட அந்த நடை அதிகம் சாதித்தது என்பது என் எண்ணம்.

அனுமதி வந்தது. கட்டம் கட்டமாக, எங்கள் திட்டப்படி, சீகை நின்ற மூலையைத் தவிர்த்து. அதில் ஒரு நிபந்தனையை நானே கேட்டு வாங்கினேன்: அகற்றிய பரப்பில் புதிதாக முளைக்கும் பைன் கன்றுகளை ஆண்டுதோறும் பிடுங்கத் தனி அனுமதி தேவையில்லை. பார்க்கச் சின்ன வரி. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண், தோப்பு காற்றுப் பக்கத்தில் அப்படியே நிற்கிறதே. ஊர் இளைஞர்கள் ஆடி மழைக்குப் பின் போய்ப் பிடுங்குகிறார்கள். திறந்த இடங்களில் புல் தானாகவே திரும்பியது. பைன் நெருங்கி நின்று மண்ணை வெறுமையாக்கிய இடத்தில் மட்டும் பக்கத்து மேட்டிலிருந்து கற்றை கற்றையாகக் கொண்டுவந்து நட வேண்டியிருந்தது. அது மெதுவான வேலை, இன்னும் முடியவில்லை.

பிறகு சட்டமும் நகர்ந்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆக்கிரமிக்கும் அயல் உயிரினம் என்ற வரையறை சேர்ந்தது. முக்கூர்த்தி தேசியப் பூங்காவின் வரையாட்டு மேடுகளில் பைனையும் சீகையையும் தொட ஒரு காலத்தில் எவ்வளவு தயங்கினார்கள் என்று நான் அறிவேன். பூங்காக்களிலிருந்து காய்ந்த மரத்தையும் விழுந்த மரத்தையும்கூட எடுக்கக்கூடாது என்று 2000 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் இட்ட தடை அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருந்தது. இன்று அரசே அகற்றவும் மீட்கவும் பேசுகிறது. மகிழ்ச்சி.

ஆனால் பட்டா நிலத்துக்காரனுக்கு நிலைமை அவ்வளவாக மாறவில்லை. அவன் இன்றும் ஒவ்வொரு கன்றுக்கும் மனுப் போடுகிறான், இன்றும் தானாக முளைத்தது என்ற பதில் வரக்கூடும். தென்னாப்பிரிக்கா 2014-ல் வெளியிட்ட விதிகளில் வணிகத்துக்கு நடும் பைன்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அனுமதி பெற்ற எல்லைக்குள் நின்றால் அது பயிர், எல்லை தாண்டி முளைத்தால் களை, அதைக் கட்டுப்படுத்துவது கடமை. இங்கேயும் அதைச் செய்ய முடியும். 1955-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஓர் அரசாணை போதும்: புல்வெளியில் தானாக முளைத்த பைன், காய்ப்பதற்கு முன்னால், கையாலோ தரைமட்ட வெட்டாலோ அகற்றப்பட்டால் அனுமதி தேவையில்லை, மரத்தை விற்கக்கூடாது, தீயும் பொக்லைனும் கூடாது, அகற்றிய இடத்தில் தேயிலையோ கட்டடமோ வரக்கூடாது. கடைசி நிபந்தனை இல்லாமல் முதல் சலுகையைக் கொடுக்கவே கூடாது. பைனை எடுக்கிறேன் என்று சொல்லிக் காட்டேஜ் கட்ட வருகிறவர்களும் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார்கள், அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்த வாசகத்தோடு ஒரு கோரிக்கை மனுவை எழுதி அனுப்பியிருக்கிறோம். பெரியவரின் மகனும், பக்கத்து ஹட்டிகளைச் சேர்ந்தவர்களும், கூரைப் புல் தேடி எங்களோடு நடந்த அந்தத் தோடரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இணைப்பாகக் கிளென்மார்கன் அட்டவணையையும், பைன் ஏறிக்கொண்டிருக்கும் ஊற்றுகளின் சர்வே எண்களையும் வைத்திருக்கிறேன். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் சென்னைக்குப் போக வக்காலத்து தயாராக இருக்கிறது.